வீட்டு முற்றத்துக்குப் பூஞ்செடி தெரிதல்

(நூற்றாண்டையொட்டித் திகனயில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் வைத்தியராகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று தொடங்கிவிடுவார் என்று சிலர் இப்போதே கடைசி வரிசைக்குப் போய்விட்டதைப் பார்க்கிறேன். பயப்பட வேண்டாம், முன்னால் வாருங்கள். செயலாளர் என்னிடம் கேட்டது வேறு விடயம். நூற்றாண்டு நினைவாகக் கல்லூரி வளவில் 100 கன்றுகள் நடப்போகிறோம். அதோடு பழைய மாணவிகள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டிலும் ஒரு கன்று நட வேண்டும் என்று சங்கம் விரும்புகிறது. எதை நடுவது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இருபது நிமிடம் பேசுங்கள் என்றார். கல்லூரிக்கான கன்றுகளின் வரைவுப் பட்டியலையும் அனுப்பியிருந்தார். அந்தப் பட்டியலில் இரண்டு பெயர்களை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் வீட்டு முற்றத்துக்கு வருவோம்.

நாற்றுமேடைக்குப் போனால் எல்லாக் கன்றும் கறுப்புப் பொலித்தீன் பையில் ஒன்றரை அடி உயரத்தில்தான் நிற்கும். பத்தடி வளரப்போகும் செவ்வரத்தையும், மூன்றடியோடு நிற்கும் குள்ள எக்ஸோராவும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே அளவில் இருக்கும். பூத்து நிற்பதைப் பார்த்து வாங்கி, யன்னலுக்குக் கீழே அடிக்கு ஒன்றாக நட்டுவிடுகிறோம். மூன்று வருடத்தில் யன்னல் திறக்க முடியாது. பிறகு யாராவது ஒருவரைக் கூப்பிட்டுக் கத்தியால் கண்டபடி வெட்டிவிடுகிறோம். அதற்குப் பிறகு அந்தச் செடி பூப்பதில்லை. "இது ராசியில்லாத செடி" என்று பெயர் வாங்கிக்கொள்கிறது. கன்று வாங்கும்போது விலையை விட்டுவிட்டு, "இது முழுதாக வளர்ந்தால் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம்?" என்று கேளுங்கள். அகலம் நாலடி என்றால் சுவரிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளி நட வேண்டும். முதல் இரண்டு வருடம் இடைவெளி வெறுமையாகத் தெரியும். அதில் கீரை போடலாம்.

"குள்ளம்" என்ற சொல்லிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் நம் தோழிகளின் வீட்டு வாசலில் ஊசியிலைக் குள்ளச் செடிகள் வரிசையாக நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். வருடம் முழுவதும் பச்சை, குப்பை இல்லை, பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் குள்ளம் என்றால் வளராது என்று அர்த்தமில்லை. மெதுவாக வளரும் என்றுதான் அர்த்தம். அமெரிக்கக் கூம்புத் தாவரச் சங்கத்தின் வகைப்படி வருடத்துக்கு 1 முதல் 6 அங்குலம் வளர்வதுதான் குள்ளம். 6 அங்குலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 20 வருடத்தில் பத்தடி! மகள் முதலாம் வகுப்புக்குப் போகும்போது வாசற்படி ஓரத்தில் நட்டது, அவள் பட்டம் வாங்கி வரும்போது வாசலை மறைத்துக்கொண்டு நிற்கும்.

சரி, வளர்ந்தால் வெட்டிக்கொள்ளலாமே என்பீர்கள். இங்கேதான் எங்களுக்கு, குறிப்பாகத் தோட்டங்களிலிருந்து வந்த எங்களுக்கு, வேறு யாருக்கும் இல்லாத ஒரு அறிவு இருக்கிறது. தேயிலை என்பது என்ன? எப்போதும் பச்சையாக இருக்கும் ஒரு மரம். கவாத்து இல்லாமல் விட்டால் அஸ்ஸாம் வகை 30 அடிக்கு மேல் போகும். அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது கத்தியும் கொழுந்தெடுக்கும் கையும்தான். இதே கண்டி மாவட்டத்தில் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கியதிலிருந்து இன்றுவரை, மலையகத்தில் நடப்பது உலகத்திலேயே மிகப் பெரிய செடி கத்தரிப்பு வேலைகளில் ஒன்று. எங்கள் அம்மாமாரும் அப்பாமாரும் செய்த அந்த வேலைக்கு யாரும் தோட்டக்கலை என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கவாத்துக்காரர் எப்படிச் செய்வார் என்று நினைத்துப் பாருங்கள். கடும் வரட்சியில் கவாத்து வெட்ட மாட்டார்கள். வெட்டுவதற்கு முன் வேரில் மாச்சத்து இருக்கிறதா என்று வேர்த்துண்டை அயடின் போட்டுப் பார்ப்பார்கள். நிறம் கறுத்தால் சத்து இருக்கிறது, வெட்டலாம். மங்கலாக இருந்தால் செடிக்கு இன்னும் ஓய்வு வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் இரத்தத்தைப் பரிசோதிப்பதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சில இடங்களில் எல்லாக் கிளையையும் வெட்டாமல் ஒன்றிரண்டு கிளையை இலையோடு விட்டுவைப்பார்கள். ஆங்கிலத்தில் அந்தக் கிளைக்கு நுரையீரல் என்றே பெயர்! புதிய தளிர் வரும்வரை செடி அதைக் கொண்டு மூச்சு விடும். வீட்டிலுள்ள வயதான செவ்வரத்தையையோ நந்தியாவட்டையையோ தாழ வெட்ட வேண்டியிருந்தால் இதே முறையைப் பின்பற்றுங்கள். வரட்சியில் வெட்டாதீர்கள், மழை பிடித்த பிறகு வெட்டுங்கள். ஒரேயடியாக மொட்டையடிக்காமல் ஒரு கிளையை விடுங்கள். வெட்டுவாய் சாய்வாக இருக்கட்டும், தண்ணீர் நிற்காது.

ஆனால் இந்தக் கவாத்தை ஊசியிலைச் செடிக்குச் செய்தால் அது செத்துவிடும். துஜா, சைப்ரஸ் போன்றவற்றில் இலையில்லாத பழைய கட்டையிலிருந்து தளிர் வராது. பச்சை இருக்கும் நுனியை மட்டும்தான் அளவாகக் கிள்ளலாம். பச்சைக்குக் கீழே வெட்டினால் அந்த ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், தேயிலைக்குப் பின்னால் திருத்திக்கொள்ளலாம். ஊசியிலைக்கு நடும் நாளிலேயே இடம் சரியாக இருக்க வேண்டும். உள்பக்கத்து இலைகள் பழுப்பாகி உதிர்வது வெளிச்சம் படாததால் நடப்பது, அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. நுனிகளே மங்கிப் புழுதி படிந்தது போல ஆனால் அது பெரும்பாலும் சிலந்திப் பேன். காலையில் தண்ணீரைப் பலமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவினாலே பாதி போய்விடும்.

நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய்வரும்போது வான் நிறைய ஊசியிலைக் கன்றுகளை ஏற்றிக்கொண்டு திகனக்கு வருவது ஒரு வழக்கமாகிவிட்டது. ஹக்கல பூங்கா 5,000 அடிக்கு மேலே இருக்கிறது. நாங்கள் அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்திலும் இல்லை. அங்கே இரவுக் குளிரில் செழிக்கும் செடி இங்கே மார்ச் மாத வெயிலில் வாடித்தான் போகும். நான் வைத்திருக்கும் எளிய அளவுகோல் இது: பேராதனைப் பூங்கா ஏறக்குறைய எங்கள் உயரம். 1821இலிருந்து அங்கே உலகத்துச் செடியெல்லாம் பரீட்சித்துப் பார்த்தாயிற்று. பேராதனையில் வெட்டவெளியில் நன்றாக நிற்பதைத் திகனயில் நடலாம்; ஹக்கலயில் மட்டும் நன்றாக இருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு வரலாம். ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்க வேண்டாம், நாங்கள் கண்டியை விட வரண்ட பக்கத்தில் இருக்கிறோம். ஊசியிலை கட்டாயம் வேண்டும் என்பவர்கள் பொன்னிற நுனியுள்ள சிறிய துஜாவை நல்ல வெயிலில், தண்ணீர் தேங்காத இடத்தில் வையுங்கள். அது சூட்டைத் தாங்கும்.

இனி மண். திகனயில் ஏன் எக்ஸோரா மஞ்சளாகிறது என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. பாடப் புத்தகத்தில் வெட்சி என்று படித்தோமே, அதன் உறவுதான் இந்த எக்ஸோரா. தளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறைவு. எங்கள் வெளிநோயாளர் பிரிவில் இமையை இழுத்துப் பார்ப்பது மாதிரி, செடிக்கு இளம் இலையைப் பார்க்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், மண்ணில் இரும்பு இருக்கலாம். செடியால் எடுக்க முடியவில்லை. திகனயைச் சுற்றி நிலத்தடியில் டொலமைட் பாறை. லொறிகளில் ஏற்றிப் போவதைத் தினமும் பார்க்கிறோம். தேயிலைத் தோட்டங்களில் மண் அளவுக்கு மிஞ்சிப் புளித்துப் போனால் திருத்துவதற்குப் போடுவது இந்த டொலமைட்டைத்தான். அங்கே மருந்தாக இருப்பது, புளிப்பு மண்ணை விரும்பும் எக்ஸோராவுக்கு இங்கே நோயாகிவிடுகிறது. எல்லா வளவும் அப்படியில்லை. ஆனால் டொலமைட் இல்லாத வளவிலும் வீடு கட்டியவர்கள் அத்திவாரத்தின் ஓரமாகச் சீமெந்துக் கழிவையும் சுண்ணாம்பையும் போட்டு மூடிவிட்டுப் போயிருப்பார்கள். நாங்கள் எக்ஸோராவைச் சரியாக அந்த இடத்தில்தான் நடுகிறோம்.

எனவே எக்ஸோரா என்றால் சுவரை விட்டுத் தள்ளி, கழிவை அகற்றி, மக்கிய கூட்டெரு நிறையப் போட்டு நடுங்கள். மஞ்சள் விழுந்தால் இலைக்குத் தெளிக்கும் இரும்புச்சத்துக் கரைசல் கைகொடுக்கும். ஆனால் மண்ணைத் திருத்தாமல் அதை மட்டும் தெளித்துக்கொண்டிருப்பது இரத்தப்போக்கை நிறுத்தாமல் இரும்பு மாத்திரை கொடுப்பது போல. இத்தனை பாடு வேண்டாம் என்பவர்களுக்கு மருதோன்றி இருக்கிறது. வெயில், வரட்சி, மோசமான மண் எல்லாம் தாங்கும், வேலியாகவும் வெட்டலாம், பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் கைக்கும் ஆகும். எட்டேரியாவும் நல்லது. நம் நாட்டுச் செடி, கறிவேப்பிலையின் உறவு, மழைக்குப் பிறகு பூத்தால் முற்றமே மணக்கும். எக்ஸோராவையும் எட்டேரியாவையும் வாரம் தவறாமல் கத்தரிக்கோலால் பெட்டி மாதிரி வெட்டுகிறவர்கள் "பூக்கவே இல்லை டொக்டர்" என்கிறார்கள். நுனியில்தானே மொட்டு வைக்கிறது! ஒரு தடவை பூத்து ஓய்ந்த பிறகு வெட்டுங்கள், போதும்.

நடும் முறையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். குழி பையைப் போல இரண்டு மடங்கு அகலம், ஆழம் பையின் அளவுதான். பொலித்தீனை முழுதாகக் கழற்றுங்கள். அடியை மட்டும் கிழித்துவிட்டு நடுவது வேண்டாம். பைக்குள் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேரை விரலால் பிரித்துவிடுங்கள். தண்டு பையில் எந்த மட்டத்தில் மண்ணோடு சேர்ந்திருந்ததோ அதே மட்டத்தில் நிற்க வேண்டும். சுற்றிலும் இரண்டு மூன்று அங்குலத்துக்குச் சருகு பரப்பி, தண்டைத் தொடாமல் ஒரு சாண் விடுங்கள். தண்ணீர் தினமும் தெளிப்பதை விட, வாரத்தில் இரண்டு நாள் வேர்வரை இறங்கும்படி ஊற்றுவது நல்லது.

தண்ணீர் என்றதும் நுளம்பு வரத்தான் வேண்டும். 2017இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. 400க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. எங்கள் வார்டுகளில் கட்டிலுக்கு இரண்டு பேர் கிடந்த காலம் அது. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பு வருவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். பூச்சாடிக்குக் கீழே வைக்கும் தட்டுத்தான் வீட்டில் முதல் குற்றவாளி. தட்டே வேண்டாம், அல்லது அதை மணலால் நிரப்பிவிடுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, விளிம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டிய முட்டை காய்ந்த பின்னும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அன்னாசியின் இனத்தைச் சேர்ந்த, நடுவில் குவளை போலத் தண்ணீர் நிற்கும் அலங்காரச் செடிகள் இப்போது எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. அழகுதான். வாரத்துக்கு ஒரு முறை அந்தக் குவளையைப் பீய்ச்சிக் கழுவ நேரம் இல்லாதவர்கள் அதை வாங்காதிருப்பது நல்லது.

இனி அந்தப் பட்டியல். நான் எடுக்கச் சொல்வது மஞ்சள் அலரியையும், பொன்னிற டுரன்டாவையும். இரண்டையும் ஆரம்பப் பிரிவுக் கட்டடத்தின் ஓரமாக நடுவதாகப் போட்டிருந்தார்கள்.

மஞ்சள் அலரி, சிலர் பொன்னலரி என்பார்கள், எங்கள் கோயில்களுக்கும் வீடுகளுக்கும் பழக்கமானது. அதன் ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. தண்ணீர் கேட்காது, மாடு தின்னாது, வருடம் முழுவதும் பூக்கும். மாடு ஏன் தின்னாது என்று யோசித்தாலே பாதி விடயம் விளங்கும். செடி முழுவதும் இதயத் துடிப்பைக் குழப்பும் நஞ்சு. நாங்கள் இதய நோயாளிகளுக்கு அளந்து அளந்து கொடுக்கும் டிகொக்சின் மாத்திரையின் இனம். இதற்கு ஒரு மாற்று மருந்து இருக்கிறது. அது பயன் தரும் என்பதை நிரூபித்த ஆய்வு நம் நாட்டு வைத்தியசாலைகளிலேயே நடந்து 2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் வந்தது. ஆனால் விலை மிக அதிகம். எல்லா வைத்தியசாலையிலும் எல்லா நாளும் கையில் இருக்கும் என்று நம்பிச் செடி வளர்க்க முடியாது.

இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் எக்ஸோராப் பூவைக் கழற்றி அடியை உறிஞ்சித் தேன் குடிக்காதவர் கை தூக்குங்கள் பார்க்கலாம். ஒருவரும் இல்லை. எக்ஸோராவில் அது பாதகமில்லை. ஆனால் அந்தப் பழக்கம் உள்ள ஆறு வயதுப் பிள்ளை பக்கத்தில் நிற்கும் அலரிக்கும் அதைத்தான் செய்யும். பிள்ளைக்கு எந்தப் பூ எந்தக் குடும்பம் என்று தெரியாது. டுரன்டாவின் கதை வேறு. தவறாமல் வெட்டிக்கொண்டிருந்தால் அது காய்ப்பதில்லை. விடுமுறையில் இரண்டு மாதம் விட்டால் மஞ்சள் மணிமணியாகக் காய்த்துத் தொங்கும். பிள்ளைகள் அதைத் தின்று நோயுற்ற சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. பாடசாலையில் டிசம்பரில் யார் வெட்டுவது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சற்று மெதுவாகச் சொல்கிறேன். வைத்தியசாலைக்கு அலரியால் வருகிறவர்கள் எல்லோரும் சின்னப் பிள்ளைகள் இல்லை. பரீட்சை முடிவு, வீட்டில் ஒரு வாக்குவாதம், ஒரு கணத்து மனவேகம். அந்தக் கணம் கடந்துவிட்டால் பெரும்பாலானோர் வாழத்தான் விரும்புகிறார்கள். கொடிய பூச்சிகொல்லிகள் சிலவற்றை நாடு தடை செய்த பிறகு இப்படியான மரணங்கள் எவ்வளவு குறைந்தன என்பதை எங்கள் தலைமுறை வைத்தியர்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். கையெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதிருப்பது உயிர் காக்கிறது. ஆகவே பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், மனம் சோர்ந்த யாராவது இருக்கும் வீட்டில் இந்தச் செடி வேண்டாம். சுவாமிக்குப் பூ வேண்டுமென்றால் நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் இருக்கின்றன. நந்தியாவட்டையும் பால் வரும் செடிதான், வாயில் வைக்கத் தகாது. ஆகவே அதையும் ஆரம்பப் பிரிவுப் பக்கம் வைக்காமல் மண்டபத்துப் பக்கம் வைப்போம். வீட்டில் யாருக்காவது உங்கள் கண்ணுக்கு வழமைக்கு மாறான சோர்வு தெரிந்தால், செடியை வெட்டுவதோடு நிற்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். என்னிடம் கூட்டி வாருங்கள்.

யாராவது நஞ்சுச் செடி எதையாவது வாயில் போட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள், "நன்றாகத்தானே விளையாடுகிறான்" என்று காத்திருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் வைத்தியசாலைக்குப் போங்கள். செடியின் ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு போங்கள். பெயர் தெரியாமல் நாங்கள் இழக்கும் நேரம் மிச்சமாகும்.

வெளிநாடுகளில் இதை வாசிக்கும் தோழிகளுக்கு ஒரு பந்தி. லண்டனில் வேலியாக வைக்கும் யூ மரத்தின் சிவந்த சதையைத் தவிர எல்லாம் நஞ்சு, உள்ளிருக்கும் விதையும் சேர்த்து. பேரப்பிள்ளைகள் வரும் வீடென்றால் பழம் வைக்கும் கிளைகளை வெட்டிவிடுங்கள். பொக்ஸ் செடி வைத்திருப்பவர்களுக்கு, அதை மொட்டையாக்கும் அந்துப்பூச்சியின் புழு பிரித்தானியாவில் 2007இலும், வட அமெரிக்காவில் முதன்முதலாக ரொறன்ரோவில் 2018இலும் கண்டுபிடிக்கப்பட்டது. உள்பக்கம் வெள்ளை நூல் வலையும் பச்சைப் புழுவும் தெரிந்தால் கையால் பொறுக்கி அகற்றுங்கள். இனிமேல் புதிதாகப் பொக்ஸ் நடுவதை நான் விரும்பவில்லை. மெல்பேர்ணில் தெருவோரமெல்லாம் நிற்கும் அலரிக்கு நான் மேலே சொன்னது எல்லாம் பொருந்தும்.

கல்லூரிக்கு என் மாற்றுப் பட்டியல் இது. ஆரம்பப் பிரிவின் ஓரம் எக்ஸோரா 30, சுவரிலிருந்து மூன்றடி தள்ளி. விளையாட்டு மைதான வேலிக்கு மருதோன்றி 40. மண்டபத்துப் பக்கம் எட்டேரியா 15, நந்தியாவட்டை 10. முன்வாசலில் பொன்னிற துஜா 5, ஒன்றுக்கொன்று ஆறடி இடைவெளியில். அது வெறுமையாகத் தெரிகிறது என்று அடுத்த வருடமே ஒருவரும் நடுவில் இன்னொன்றைச் செருக வேண்டாம்.

மழை ஒக்டோபரில் பிடிக்கும். குழிகளைச் செப்டெம்பர் கடைசியில் தோண்டிக் கூட்டெருவோடு ஆற விட வேண்டும். நடுவிழாவுக்கு ஆள் வரும், படமும் எடுப்போம். அதில் எனக்குக் கவலையில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை வாரம் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றத்தான் ஆள் தேவை. பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு பேர். வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். முதல் வாரத்துக்கு என் பெயரை எழுதிவிட்டேன். இன்னும் 23 பேர் வேண்டும். தேநீருக்குப் போகும் வழியில் எழுதிவிட்டுப் போங்கள்.